நாற்காலி தர மறுத்தால் வன்கொடுமை வழக்கு: பட்டியலினப் பெண் ஊராட்சித் தலைவர்கள் கேட்டு வாங்க வேண்டிய பிரிவு

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி பரவியபின் மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. படம் வெளிவராத ஊர்களில் என்ன செய்வது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 3(1)(எம்) பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவர்களது வழக்கமான பணிகளைச் செய்யவிடாமல் தடுப்பதும் மிரட்டுவதும் குற்றம். தடுத்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருக்க வேண்டும். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

காவல் நிலையத்தில் பெரும்பாலும் 3(1)(ஆர்), (எஸ்) பிரிவுகளோடு நிறுத்திவிடுவார்கள். அவை பொதுப்பார்வையில் நடந்த அவமதிப்புக்கும் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதற்கும் உரியவை. பூட்டிய அலுவலகத்துக்குள் நடந்தது, சாட்சி இல்லை என்றால் வழக்கு அங்கேயே தடுமாறும். (எம்) பிரிவுக்குப் பொதுப்பார்வை தேவையில்லை, சாதிப் பெயரை உச்சரித்திருக்கவும் வேண்டாம். துணைத்தலைவர் மாதக்கணக்கில் காசோலையில் கையெழுத்துப் போட மறுப்பது, செயலர் தீர்மானப் பதிவேட்டைத் தராமல் வைத்துக்கொள்வது, அலுவலகச் சாவியைக் கொடுக்காதது ஆகியவற்றைப் பணித்தடை என்று காட்ட முடியும். அதனால் புகாரில் “என்னை இழிவுபடுத்தினார்கள்” என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தேதியில், எந்தப் பணியை, யார், எப்படித் தடுத்தார் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கூட்ட அழைப்பு, கையெழுத்தாகாத காசோலையின் நகல், பிடிஓவுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) அனுப்பிய கடிதம், அதன் ஒப்புகைச் சீட்டு எல்லாவற்றையும் இணையுங்கள். எழுதாத பதிவேட்டுப் பக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் அதுவே உங்களுக்கு எதிரான ஆவணமாக நிற்கும்.

புகார் கொடுத்ததும், அது வந்து சேர்ந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கையில் கொடுத்து, “பேசி முடிச்சுக்கலாம்மா” என்பார்கள். அதை ஏற்க வேண்டியதில்லை. 18ஏ பிரிவின்படி முதல்கட்ட விசாரணை இல்லாமலே முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், அதன் நகலும் இலவசம். மறுத்தால் புகாரை எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியருக்கும் தனியாக ஒரு மனு போகட்டும். காசோலைச் சிக்கலை அவரால்தான் தீர்க்க முடியும், காவல்துறையால் முடியாது.

புலனாய்வு செய்பவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் கீழான விதிகளில் விதி 7. காவல் ஆய்வாளரே வாக்குமூலம் வாங்கி முடித்துவிட்டால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அந்த ஓட்டையில்தான். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு.

நிவாரணத் தொகை தனி. மத்திய விதிகளில் குறைந்தபட்சம் 85,000 ரூபாய். தமிழக அரசு 2021இல் அதை 1 லட்சமாக உயர்த்தியது. முதல் தவணை முதல் தகவல் அறிக்கை நிலையிலேயே சேர வேண்டும், 7 நாள் கணக்கு. தீர்ப்பு வரை காத்திருக்கச் சொன்னால் அது தவறு.

எதிர்த்தரப்புக்குப் பொதுவாக முன்ஜாமீன் கிடையாது. கைதானபின் ஜாமீன் கேட்டால், 15ஏ பிரிவின்படி உங்களுக்கு முன்கூட்டியே தகவல் வர வேண்டும், உங்கள் ஆட்சேபத்தையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். தகவல் வராமல் ஜாமீன் கிடைத்திருந்தால், அதை ரத்து செய்யக் கேட்க அதுவே காரணமாகும்.