பழைய காரைக் கடல் கடந்து விற்கலாமா? முதலில் பிறந்த வருடத்தைப் பாருங்கள்

திருமங்கலத்திலோ காரைக்குடியிலோ ஒரு வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் தயாரான வண்டி, தாத்தா வாங்கியது. அதன் படத்தைப் பார்த்துவிட்டு இங்கிலாந்திலிருந்து ஒருவர் விலை கேட்கிறார். உடனே எல்லோரும் பேசத் தொடங்குவது விலையைப் பற்றித்தான். சட்டம் முதலில் கேட்பது வேறு: வண்டி எந்த வருடம் தயாரானது?

நூறு ஆண்டைத் தொட்ட காராக இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 1920-களின் கார்கள் இப்போது ஒவ்வொன்றாக அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த கோடு 1950. அந்த ஆண்டு ஜனவரி 1-க்கு முன் தயாரான கார்கள் ஏற்றுமதிக் கொள்கையில் கட்டுப்படுத்தப்பட்ட இனம். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின், அதாவது டிஜிஎஃப்டியின், உரிமம் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கோடு 1940. ‘முழு வண்டி போகாவிட்டால் இன்ஜினைக் கழற்றி அனுப்பிவிடலாம்’ என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். பாகங்களும் அதே கட்டுப்பாட்டுக்குள்தான் வருகின்றன.

நம் ஹெரால்டு 1960-களின் வண்டி என்பதால் இந்த இரண்டு கோட்டையும் தாண்டிவிடுகிறது. 2021-இல் வந்த ‘விண்டேஜ்’ பதிவு விதிகளையும் பலர் இங்கே போட்டுக் குழப்புகிறார்கள். ஐம்பது ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்து ஆண்டுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் தரும் ஏற்பாடு அது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் உதவும். ஏற்றுமதி அனுமதி ஆகாது.

உண்மையான தலைவலி துறைமுகத்தில் அல்ல, வீட்டு பீரோவில் இருக்கிறது. ஆர்சி புத்தகம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31-உடன் ஆர்டிஓ அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். மூன்றெழுத்துப் பழைய எண் உள்ள வண்டியின் விவரம் கணினியில் ஏறாமலே இருக்கக்கூடும். பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். அத்தைகளும் சித்தப்பாக்களும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று நம்பி வெளிநாட்டுக்காரருக்குத் தேதி கொடுத்துவிடாதீர்கள். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துருவைத் துடைத்துவிட்டு ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எப்போதோ இன்ஜின் மாற்றியதைப் பதியாமல் விட்டிருந்தால் சுங்கச் சோதனையில் வண்டி நின்றுவிடும். கடன் பாக்கி இல்லை, திருட்டு வண்டி இல்லை என்பதற்கான சான்றுகளையும் அப்போதே வாங்கி வைப்பது நல்லது.

விற்பனை என்பதால் ஏற்றுமதியாளர் குறியீடான ஐஇசி எண் தேவை. டிஜிஎஃப்டி இணையதளத்தில் 500 ரூபாய் கட்டினால் கிடைக்கும். அதோடு அந்நியச் செலாவணியைக் கையாளும் உங்கள் வங்கிக் கிளைக்குரிய எண்ணான ஏடி குறியீட்டையும் துறைமுகச் சுங்கத்தில் பதிய வேண்டும். பணம் வங்கி வழியாக வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ‘என் மச்சான் மதுரையில்தான் இருக்கிறார், ரூபாயாகவே கொடுத்துவிடுவார்’ என்று வாங்குபவர் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. சுங்கத்திடம் தரும் ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில்லுக்கு ஈடான அந்நியச் செலாவணி வரவில்லை என்றால், ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், மச்சான் அல்ல. வண்டி கொட்டகையை விட்டு நகரும் முன் முழுத் தொகையும் கணக்கில் ஏறியிருக்கட்டும்.

மதுரைக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. அங்கிருந்து கன்டெய்னரில் போகும் சரக்கு பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும். இருபதடிக் கன்டெய்னரின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், அகலம் 2.35 மீட்டர். ஹெரால்டு என்ன, அம்பாசடரே தாராளமாக அடங்கும். ஆனால் உள்ளே போனபின் கதவை முழுதாகத் திறக்க இடமிருக்காது; ஓட்டி ஏற்றுபவர் ஒல்லியாக இருந்தால் நல்லது. பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். அந்த மரம் வெப்பத்தில் பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். தோட்டத்தில் கிடக்கும் வேப்பங்கட்டை உதவாது. ஷிப்பிங் பில் போடுவதைச் சுங்க முகவரிடம் விட்டுவிடுங்கள். அவருடைய கூலியில் மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

போய்ச் சேரும் நாட்டின் விதி வாங்குபவர் பாடு என்றாலும் தெரிந்துகொள்ளுங்கள், பேரத்துக்கு உதவும். பிரிட்டனில் முப்பது ஆண்டு கடந்த, அசல் நிலை மாறாத, தயாரிப்பு நின்றுபோன மாடல் சேகரிப்புப் பொருளாக ஏற்கப்பட்டால் இறக்குமதித் தீர்வை இல்லை, வாட் வரி 5 சதவீதம்தான். ஆகவே விற்கும் ஆசையில் புது இன்ஜின், புது டேஷ்போர்டு என்று வண்டியைச் சிங்காரித்தால் அவருக்கு வரி கூடும், உங்களுக்கு விலை குறையும். அமெரிக்காவில் 25 ஆண்டு தாண்டிய காருக்கு அந்நாட்டுப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆஸ்திரேலியா மட்டும் வேறு மாதிரி: பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் இருக்கும் கல்நாருக்கு, அதாவது ஆஸ்பெஸ்டாஸுக்கு, அங்கே முழுத் தடை. அந்தப் பாகங்களை இங்கேயே மாற்றி, சோதனைச் சான்றோடு அனுப்ப வேண்டியிருக்கும்.

கப்பல் கிளம்பியதும் ஷிப்பிங் பில், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றின் நகல்களோடு ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வர வேண்டும். நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறிய வண்டியின் பதிவை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-இன் கீழ் ரத்து செய்கிறார்கள். ரத்து உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி, பீரோவில் ஆர்சி இருந்த இடத்தில் வையுங்கள்.