இடது கையைப் பாருங்கள்

பல் மருத்துவம் பயில்பவரின் லொக் புக்கில் எண்கள் நிறைய இருக்கும். பிடுங்கிய பற்கள் இத்தனை, அடைத்தவை இத்தனை, பக்கத்தில் மேற்பார்வையாளரின் கையொப்பம். எப்படிப் பிடுங்கினார் என்பது மட்டும் இராது.

யாழ்ப்பாணத்துப் பல் கிளினிக்குகளில் காலையிலேயே சூத்தைப் பல்லோடு வரிசை நிற்கும். அந்த அவசரத்தில் "எல்லாம் சரியோ?" என்று கேட்டுவிட்டுக் கையொப்பம் வைப்பது இலகு. ஆனால் மருத்துவக் கல்வியாளர் ஜோர்ஜ் மில்லர் 1990இல் சொன்ன நான்கு படிகளில் (அறிதல், எப்படியென்று அறிதல், செய்து காட்டுதல், உண்மையில் செய்தல்) கடைசிப் படியை நோயாளியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றால்தான் காணலாம். டொப்ஸ் எனும் நேரடி அவதானிப்பு மதிப்பீடு அதற்குத்தான். பயிலுநர் வழமையான வேலையைச் செய்வார், மூத்தவர் குறுக்கிடாமல் பார்ப்பார், முடிந்ததும் ஐந்து நிமிடம் கதைப்பார்கள்.

கீழ்க் கொடுப்புப் பல் பிடுங்குவதை எடுப்போம். வலக்கைக்காரர் என்றால் நான் முதலில் பார்ப்பது இடது கையை. அது தாடையைத் தாங்குகிறதா, நாக்கையும் கன்னத்தையும் ஒதுக்குகிறதா? தாங்காவிட்டால் தாடை மூட்டு நோகும். அதற்கு முன்னரே பார்க்கவேண்டியவை உண்டு. சலரோகம் இருக்கிறதா, இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்பரின் மருந்து குடிக்கிறாரா என்று கேட்டாரா? எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பல்லை உறுதிப்படுத்தினாரா? விறைப்பு மருந்தை ஏற்றுமுன் சிரிஞ்சின் தண்டைச் சற்றுப் பின்னிழுத்து, ஊசி இரத்தக்குழாயில் இல்லையென்று பார்த்தாரா? உதடு விறைத்துவிட்டது என்று நோயாளி சொன்னதும் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஈறையும் மெல்லக் குத்திப் பார்க்கவேண்டும். கடைசியில் பஞ்சைக் கடிக்கக் கொடுத்தால் மட்டும் போதாது. இன்றைக்கு வாய் கொப்புளிக்க வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம் என்று சொல்லவேண்டும். (வெற்றிலையைச் சொல்ல மறந்தால் நம் ஆட்கள் பின்னேரமே போட்டுவிடுவார்கள்.)

"நல்லாச் செய்தீர்" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. நோயாளி போனபிறகு, "தம்பி, நீர் ஈறைச் சோதிக்கேல்லை, அடுத்த ஆளில செய்து காட்டும்" என்றால் கை திருந்தும். பாவம் பெடியன் என்று எல்லாருக்கும் ஒரே புள்ளி போடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஒருதடவை பார்த்து முடிவெடுப்பதும் சரிவராது. ஆடிக்கொண்டிருந்த பல்லை இலகுவாக எடுத்த கை, வேர் ஒடிந்தால் தடுமாறும். வெவ்வேறு நோயாளிகளிடம், வெவ்வேறு ஆட்கள் பார்க்கவேண்டும்.

கதிரையில் இருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். பக்கத்தில் ஒருவர் நின்று குறிப்பெடுத்தால், இளைய டொக்டருக்கு வேலை தெரியாது என்று நினைக்கவேண்டாம். ஏன் நிற்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். பயிற்சியில் உள்ளவர் செய்வதில் விருப்பமில்லை என்றாலும் சொல்லலாம். அதற்காக உங்கள் சிகிச்சையை யாரும் மறுக்கக்கூடாது.