‘ரெண்டுதானே ஃபெயிலு’ என்று ஏற்றிவிடாதீர்கள்

“அண்ணே, ரெண்டுதான் ஃபெயிலு, மத்ததெல்லாம் பாஸு. ஏத்திரவா?” காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஜவுளிக்கடைக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கும் கணக்கு மென்பொருள் போட்டுத் தரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) கம்பைல் செய்து, அது சரியாக வேலை செய்கிறதா என்று டெஸ்ட் செய்யும் ‘மேக் செக்’ கட்டளையை ஓட்டியிருப்பார்கள். ஓட்டியதே பெரிய விஷயம்தான். ஆனால் எந்த ரெண்டு, ஏன் என்று கேட்டால் பதில் வராது.

பதில் அவர்கள் மெஷினிலேயே இருக்கிறது. எஸ்ஆர்சி, டெஸ்ட், ரெக்ரஸ் என்று ஃபோல்டருக்குள் போனால் ‘ரெக்ரஷன்.டிஃப்ஸ்’ என்ற ஃபைல் கிடக்கும். மைனஸ் போட்ட வரி வந்திருக்க வேண்டியது. ப்ளஸ் போட்டது உங்கள் மெஷினில் வந்தது. அதே வரிகள் முன்பின்னாக வந்திருந்து, அந்தக் குவெரியில் ‘ஆர்டர் பை’ (வரிசைப்படுத்தச் சொல்லும் பகுதி) இல்லையென்றால் பயமில்லை. மதிப்பே மாறியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஆரம்பத்திலேயே நின்றுவிட்டதா? பெரும்பாலும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரில் ஓட்டியிருப்பீர்கள். போஸ்ட்கிரஸ் சர்வர் ரூட்டில் கிளம்பாது. ஃபோல்டரைச் சாதாரண யூசர் பெயருக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள். மலிவான விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் விர்ச்சுவல் சர்வரில்) வேறொரு தொல்லை: ஒரே நேரத்தில் 20 டெஸ்ட் ஸ்கிரிப்ட் வரை ஓடும், அதற்கு 40 ப்ராசஸ் வேண்டும். ப்ராசஸ் லிமிட் குறைவாக இருந்தால் கண்டபடி ஃபெயில் ஆகும். ‘மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ்=10’ கொடுத்தால் அடங்கிவிடும்.

ஏற்கெனவே ஓடும் சர்வரிலேயே டெஸ்ட்டை ஓட்டும் ‘இன்ஸ்டால்செக்’ மட்டும் கடைக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் வேண்டவே வேண்டாம். ‘ரெக்ரஷன்’ என்ற பெயரில் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருந்தால் அதை அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

நம் ஆட்கள் அதிகம் சிக்குவது வரிசையில். சிஸ்டம் லொகேல் (மொழி, வட்டார அமைப்பு) மாறினால் எழுத்துகளின் வரிசை மாறும், டெஸ்ட் விழும். ‘நோ_லொகேல்=1’ கொடுத்து ஓட்டிப் பாஸானால் மென்பொருளில் கோளாறில்லை. இதுவரை சரி. அந்தத் தெம்பில் நிஜ டேட்டாபேஸையும் லொகேல் இல்லாமலே உருவாக்கிவிடுகிறார்கள், வம்பு அங்கேதான். கோயில் புள்ளி வரிப் (குடும்பக் கணக்கில் கோயிலுக்குத் தரும் வரி) பட்டியலைப் பெயர் வரிசையில் எடுத்துப் பாருங்கள். ‘ச’ முடிந்த கையோடு ஜானகி ஆச்சி வந்துவிடுவார், வள்ளியம்மை ஆச்சி எங்கோ கடைசியில் நிற்பார். யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்களின் வரிசை அப்படி. நம் அகராதியில் கிரந்த எழுத்து வல்லினம், மெல்லினம், இடையினம் எல்லாம் தீர்ந்த பிறகுதானே! டெஸ்ட்டுக்கு எப்படி ஓட்டினாலும், நிஜத்துக்கு ஐசியு (மொழிவாரி வரிசை விதிகள் கொண்ட லைப்ரரி) வழியாகத் தமிழ் லொகேல் கொடுங்கள். போஸ்ட்கிரஸ் 15ஆம் பதிப்பிலிருந்து கிளஸ்டர் (ஒரு சர்வரில் உள்ள டேட்டாபேஸ்கள் மொத்தமும்) முழுவதற்குமே அதை டிஃபால்ட்டாக வைக்கலாம்.

எல்லாம் பாஸானாலும் ஒன்று பாக்கி. இந்த டெஸ்ட் எதுவும் உங்கள் பழைய டேட்டாவைத் தொட்டுப் பார்ப்பதில்லை. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை லைப்ரரி) பல மொழிகளின் வரிசை விதிகளை மாற்றியது. உபுண்டு 18.04இல் இருப்பது அதற்கு முந்தையது. அங்கிருந்து டேட்டா டைரக்டரியை அப்படியே புது மெஷினுக்குக் காப்பி அடித்தால், பெயர், ஊர் போன்ற எழுத்துப் பத்திகளின் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பழைய வரிசையிலேயே நிற்கும். இருக்கிற வாடிக்கையாளரைத் தேடினால் ‘இல்லை’ என்று வரக்கூடும். அந்த இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள், அதாவது மறுபடி கட்டுங்கள். காப்பி அடிக்காமல், டேட்டாவை டம்ப் ஃபைலாக எடுத்துப் புது மெஷினில் ரீஸ்டோர் செய்தால் இண்டெக்ஸ் புதிதாகவே கட்டப்படும், இந்த வேலை மிச்சம்.