மூட்டுவாய்: ‘சீம்’ என்பதற்கு நம் வீட்டுச் சொல்

பிளாஸ்டிக்கில் மாதிரி விமானம் கட்டுகிறவர்கள் வாயில் ஓயாமல் வரும் சொல் ‘சீம்’. அச்சு இரண்டாகத் திறந்தால்தான் வார்த்த பாகம் கழன்று வரும். அதனால் விமானத்தின் உடல் முழுக் குழலாக வருவதில்லை. இடம், வலம் என இரு பாதிகளாக வரும். ஒட்டியதும் மூக்கிலிருந்து வால்வரை முதுகிலும் வயிற்றிலும் ஒரு கோடு நிற்கும். அதுதான் சீம்.

ஆங்கிலத்தில் அது துணித் தையலைக் குறித்த பழஞ்சொல். நூலைக் குறிக்கும் ‘சூத்திரம்’ என்ற வடசொல்லும் அந்த வேரின் கிளையே. அப்படியானால் ‘தையல்’ என்றே சொல்லலாமே என்று தோன்றும். எனக்கு அது ஒப்பவில்லை. இங்கே ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ‘இணைப்புக் கோடு’ என்பது இன்னும் மோசம். அசல் விமானத்தில் தகடுகள் சேரும் இடங்களிலும் கோடுகள் உண்டு. மாதிரியில் அவற்றைக் காப்பாற்ற வேண்டும், சீமை மட்டும் அழிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் புதிதாகப் பழகும் பிள்ளை எல்லாவற்றையும் தேய்த்துவிடும்.

சாரம் வாங்கும்போது “மூட்டினதா, மூட்டாததா?” என்று கேட்கிறோமே, அந்தச் சொல்தான் எனக்கு வேண்டியது. விரிந்த துணியின் இரு விளிம்பையும் சேர்த்துக் குழலாக்குவது மூட்டுதல். விமான உடலுக்கும் நடப்பது அதே வேலை. விளிம்புகள் சந்திக்கும் இடம் மூட்டுவாய். தகடுகளுக்கு இடையே உள்ளதைத் தகட்டுக்கோடு என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் தீர்ந்தது.

மூட்டுவாயை மறைக்க முதல் உதவி பசையே. அது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுவது. பாதிகளை மெல்ல அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் கோட்டின் மேல் வரம்புபோல் பிதுங்கும். அதைத் துடைக்கக் கூடாது. காய்ந்தபின் அந்த வரம்பைச் சீவித் தேய்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மிஞ்சிய பள்ளத்துக்குத்தான் ‘பட்டி’. கராஜில் கார் நெளிவுக்கும் மேசன் சுவருக்கும் வைக்கும் அதே பட்டி. பானை நிறைந்தது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து பட்டியாகிவிட்டது. மர வெடிப்பை அடைப்பதற்குத் தச்சர்களிடம் ‘மக்கு’ என்ற சொல் முன்பே உண்டு. எனக்கு மக்குதான் பிடிக்கும்.

மக்கு காயும்போது சுருங்கும். ஒரே தடவையில் அப்பாமல் மெல்லியதாக இரண்டு தடவை வையுங்கள். மலைநாட்டுக் குளிரிலும் மூடுபனியிலும் அது காயத் தாமதிக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பாமல் நான் இரண்டு நாள் விடுவேன். பிறகு தண்ணீர் தொட்டு 400, 600, 1000 என்று எண் கூடக் கூட மென்மையாகும் சாண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும். தமிழ்நாட்டில் உப்புத்தாள் என்பார்கள். அடுத்து, நிறம் அடிக்குமுன் அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு. கண்ணுக்குத் தப்பிய கீறலெல்லாம் அதில் தெரிந்துவிடும். தேய்ப்பில் அழிந்த தகட்டுக்கோடுகளை ஊசிமுனையால் மறுபடி கீற வேண்டும்.

இப்போது என் மேசையில் இருப்பது 1/144 அளவு டி.சி.-8 பயணிகள் விமானம். 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் பயணிகளோடு கொழும்புக்கு இறங்கவந்த, நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்து டி.சி.-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த விமானத்தை ஒருமுறையாவது முழுதாகப் பார்க்க வேண்டும் என்றுதான் இதைக் கட்டுகிறேன். அசல் ஏறத்தாழ 46 மீட்டர் நீளம். என் கையில் 32 சென்ரிமீட்டர். முதுகு மூட்டுவாயை மூன்றாம் முறையாகத் தேய்க்கிறேன். வால் அடியில் இன்னும் ஒரு விரற்கடை தெரிகிறது.