எடையைத் தானே சொல்லும் டிராகன் காசு

போன மாதம் ஒருவர் கைக்குட்டையில் முடிந்து ஒரு சீன வெள்ளிக்காசு கொண்டுவந்தார். ஒரு பக்கம் டிராகன். மறுபக்கம் சீன எழுத்து, அதைச் சுற்றி ஆங்கிலம். “வெள்ளோட்டமாக அடித்த காசு சார், லேசில் கிடைக்காது” என்றார். விற்றவருக்குப் பாதிப் பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார்.

அவர் சொன்ன கதை பொய்யில்லை. அந்தக் காலத்துச் சீனாவில் செப்புக்காசை வார்த்தார்கள், வெள்ளியைக் கட்டியாக நிறுத்துக் கொடுத்தார்கள். துறைமுகங்களில் புழங்கியது மெக்சிகோ டாலர். அதை விரட்ட நினைத்த ஆளுநர் சாங் சீதோங், இங்கிலாந்திலுள்ள பர்மிங்காமின் ஹீட்டன் நாணய ஆலையிலிருந்து இயந்திரங்கள் வரவழைத்தார். 1889ல் கான்டன் (இன்றைய குவாங்சோ) அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் ஆலை, ஓடத் தொடங்கியது. மெக்சிகோ காசைவிடக் கொஞ்சம் கனமாக, 7 மேஸ் 3 கேண்டரீன் (இரண்டும் பழைய சீன எடை அளவுகள்) எடையில் வெள்ளி டாலர் அடித்துப் பார்த்தார்கள். மதிப்பு ஒன்று, எடை வேறு என்றால் கனமான காசை யார் வெளியே விடுவார்கள்? நேராக உருக்குச் சட்டிக்குத்தான் போகும். அப்புறம் புழக்கத்துக்கு வந்தது 7 மேஸ் 2. ஆங்கில எழுத்தும் டிராகன் பக்கத்துக்கு மாறியது. 1910ல் நாடு முழுமைக்கும் அந்த எடையே சட்டமானது.

ஆகவே 7 மேஸ் 3 காசு மிகக் குறைவு. போலி அடிப்பவர்களுக்கு அதன்மேல்தான் கண். 1903ல் வருவாய்த் துறைக்காக அடித்த ஒரு டேல் எடையுள்ள மாதிரிக் காசுக்கும் இதே கதிதான்.

சரி, காசுக்கு வருவோம். எடை அதன் முகத்திலேயே இருக்கிறது: 7 மேஸ் 3 கேண்டரீன். ஒரு டேலுக்கு 10 மேஸ், ஒரு மேஸுக்கு 10 கேண்டரீன். கருவூல டேல் சுமார் 37.3 கிராம். கணக்குப்படி இந்தக் காசு 27.2 கிராம் பக்கம் நிற்க வேண்டும். தேய்ந்திருந்தால் சற்றுக் குறையலாம். என் தராசு காட்டியது 22.4.

தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினேன். 2.6 ஏறியது; காசு விலக்கிய தண்ணீரின் எடை அது. 22.4ஐ 2.6ஆல் வகுத்தால் 8.6; அதுதான் காசின் அடர்த்தி. தொண்ணூறு சத வெள்ளிக்கு 10.3 வர வேண்டும். மனிதர் முகம் விழுந்துவிட்டது.

காந்தத்தில் ஒட்டவில்லை என்று விற்றவர் காட்டினாராம். பித்தளையும்தான் ஒட்டாது! எடை சரியாக, வெள்ளியிலேயே செய்த போலிகளும் வருகின்றன; அவற்றுக்கு விளிம்பு வரிகளையும் டிராகனின் செதில்களையும் லென்ஸில் பார்த்து, அசல் காசின் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஆனால் அதுவரை போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. பணம் கொடுக்கும் முன், தராசில் வைத்த படம் ஒன்று கேளுங்கள். அதற்கே பலர் பதில் போடுவதில்லை.