திரை முகமும் குளியலறைக் கண்ணாடியும்

தொலைக்காட்சியில் ஒரு நடிகையின் பேட்டி ஓடுகிறது. நாற்பதைக் கடந்தவர், ஆனால் கண்ணுக்குக் கீழே ஒரு நிழல்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து போய் முகம் கழுவுகிறாள், கண்ணாடியைப் பார்க்கிறாள், மனம் சுருங்கிப்போகிறது. இந்த இரண்டு முகங்களின் வித்தியாசத்தில் பெரும்பங்கு விளக்கு வைத்த இடத்தால் வருவது. ஒளியமைப்பிலும் ஒப்பனையிலும் இருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. வெளியே யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

குளியலறை விளக்கு பெரும்பாலும் சிறியது, தலைக்கு மேலே இருப்பது. புருவ எலும்பின் நிழல் கண்குழியில் இறங்கும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். ஸ்டூடியோவில் முதன்மை விளக்கு கண் மட்டத்துக்குச் சற்று மேலே, முகத்துக்கு அருகில், பெரிய சாஃப்ட்பாக்ஸுக்குள், அதாவது முன்பக்கம் வெள்ளைத் துணி மூடிய பெட்டிக்குள் இருக்கும். வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். சுருக்கம் என்று நாம் பார்ப்பதே சின்னச் சின்ன நிழல்களைத்தான். மடி உயரத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தால் கண்ணுக்கும் மோவாய்க்கும் கீழே மிச்சமிருந்த நிழலும் போய்விடும். போதாதென்று, கேமராவிலேயே ‘ஸ்கின் டீட்டெயில்’ என்றொரு வசதி உண்டு. அதற்குத் தோலின் நிறத்தை அடையாளம் காட்டிவிட்டால், அந்த நிறம் உள்ள இடத்தில் மட்டும் கூர்மையைக் குறைக்கும். இமைமுடி துல்லியமாகத் தெரியும், தோல்துளைகள் மட்டும் மறையும். நேரலையிலும் இது வேலை செய்யும் என்பதால் ‘நேரலைதானே, இதில் என்ன ஜோடனை’ என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. படத்தை நிறுத்தி, கருவிழியில் மின்னும் வெளிச்சத்தைப் பாருங்கள். பெரிய சதுரம் என்றால் சாஃப்ட்பாக்ஸ். வளையம் என்றால் ரிங் லைட். மேலே ஒன்று, கீழே ஒன்று என்றால் நிழல் முழுவதையும் திட்டமிட்டுத் துடைத்திருக்கிறார்கள். அடுத்து கையைப் பாருங்கள். முகத்துக்குச் செய்த வேலையைப் பல நேரம் கைக்குச் செய்ய மறந்துவிடுவார்கள்.

செல்ஃபி இன்னும் மோசம். 2018-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது: 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. அவ்வளவு கிட்டத்தில் காதைவிட மூக்கு கேமராவுக்கு மிக அருகில் வந்துவிடுவதுதான் காரணம். இந்தப் படத்தைக் காட்டி ‘மூக்கைச் சின்னதாக்க முடியுமா’ என்று அறுவை மருத்துவரிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் வேறொருவரை எடுக்கச் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும்.

உடையில் ஒரு ரகசியமும் இல்லை, முதுகைத்தான் நமக்குக் காட்டுவதில்லை. முன்பக்கம் அச்சில் வார்த்தது போலிருக்கும் சட்டையின் பின்பக்கத்தில் நான்கைந்து கிளிப்புகள் தொளதொளத்த துணியை இழுத்துக் கடித்துக்கொண்டிருக்கும். கடையில் வாங்கிய அதே உடை நமக்குப் பொருந்தாவிட்டால் குறை நம் உடம்பில் இல்லை.

ஒப்பனைப் பொருளில் ஒரு எச்சரிக்கை. ‘எச்டி பவுடர்’ என்று விற்பவற்றில் பல சிலிக்கா என்ற நுண்ணிய வெள்ளைத் தூள். ஸ்டூடியோவின் தொடர் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. விழாவில் ஃப்ளாஷ் அடித்தால் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும், கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டாக விழும். துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனும் இப்படிச் செய்யும். வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

‘ஆணுக்கும் இதே விளக்குதானே?’ என்று கேட்கலாம். விளக்கு ஒன்றுதான், கேட்கப்படும் உழைப்பு வேறு. ஆண் அறிவிப்பாளருக்குப் பவுடர், தலைவாருதல் என்று பத்துப் பதினைந்து நிமிடம். பக்கத்து நாற்காலிப் பெண் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து உட்கார வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு இருநூறு மணி நேரத்துக்கு மேல். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் கார்ல் ஸ்டெஃபனோவிக் ஓராண்டாக ஏறக்குறைய தினமும் ஒரே நீல நிற கோட்டு சூட்டில் காலை நிகழ்ச்சிக்கு வந்தார். 2014-ல் அவரே சொல்லும்வரை பார்வையாளர் யாரும் கண்டுகொள்ளவில்லை. உடன் அமர்ந்த லிசா வில்கின்சனின் உடையைப் பற்றியோ விமர்சனம் வந்துகொண்டே இருந்தது.

கருவிகூட யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும். காலர் மைக்குக்குக் கோட்டின் மடிப்பு வேண்டும், ஒலியை அனுப்பும் அதன் சிறு பெட்டிக்கு இடுப்பு பெல்ட்டோ பையோ வேண்டும். பெண்களின் உடையில் பல நேரம் இரண்டும் இருக்காது. பெட்டியை உள்ளாடைப் பட்டையில் மாட்டுவார்கள், அல்லது தொடையில் பட்டி கட்டுவார்கள். அதைச் செய்யப் பெண் உதவியாளர் இருக்கிறாரா என்று பல இடங்களில் கடைசி நிமிடத்தில்தான் யோசிப்பார்கள்.

‘பெண்ணியம் பேசுகிறவர் உதட்டுச்சாயம் பூசலாமா?’ என்பது அடிக்கடி வரும் கேள்வி. தவறான கேள்வி. பூசுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. பூசாமல் வந்தால் ‘உடம்பு சரியில்லையா?’ என்று ஒரு பாலினத்தை மட்டும் கேட்பதில்தான் சிக்கல். பிரசவமான ஆறே வாரத்தில் ‘பழைய உடம்புக்குத் திரும்பிய’ நட்சத்திரத்தின் படமும் அதே ரகம். கருப்பை மட்டும் பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். படத்துக்கு வெளியே நிற்கும் சமையலாள், பயிற்சியாளர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யாரும் அந்தச் செய்தியில் வருவதில்லை.

இதெல்லாம் வெறும் மனச்சங்கடம் என்று தள்ளிவிட முடியாது. ஃபிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. மானுடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கர், அது வந்த சில வாரங்களிலும் 1998-லும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் கேட்டறிந்தார். உணவுப் பழக்கக் கோளாறுக்கான அறிகுறி 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆக ஏறியிருந்தது. எடை குறைக்க வாந்தியெடுப்பது முதல் முறை பூஜ்யம், மூன்றாண்டில் 11.3. இரண்டு முறையும் அறுபத்துச் சொச்சம் பேர்தான், அதுவும் வேறு வேறு மாணவிகள், அதனால் எல்லாப் பழியையும் தொலைக்காட்சி மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் திரைப் பாத்திரங்களைப் போல ஆக வேண்டும் என்று அந்தப் பெண்களே சொன்னார்கள்.

பிரான்ஸில் 2017 முதல், மாடலின் உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று போட வேண்டும். நார்வே 2022-ல் இதைச் சமூக ஊடக விளம்பரத்துக்கும் கொண்டுவந்தது. முத்திரை, திருத்தியதை மட்டுமே சொல்லும். விளக்கையும் கிளிப்பையும் சொல்லாது.

வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஒரு கைபேசி போதும். கூரை விளக்குக்கு நேர் கீழே, 30 சென்டிமீட்டரில் ஒரு படம். அடுத்த நிமிடமே ஜன்னலைப் பார்த்து நிற்கவைத்து, ஒன்றரை மீட்டரிலிருந்து ஜூம் செய்து, மார்புக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி இன்னொன்று. இரண்டையும் அருகருகே வையுங்கள். பையன்களையும் கூப்பிடுங்கள். அந்த இரண்டாவது முகத்தைத்தான் நாளை எதிரில் இருக்கும் பெண்ணிடம் அவர்கள் எதிர்பார்ப்பார்கள். ஜன்னலில் நேர்வெயில் விழாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், வெயில் பட்டால் கூர்மையான நிழல் திரும்ப வந்துவிடும்.