மென்டலீவ் அணுவெண்ணை அறிந்திருக்கவில்லை

மூன்றாம் தவணைப் பரீட்சையின் விடைத்தாள் கட்டை நேற்றிரவு திருத்தி முடித்தபோது, மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையை அமைத்த ரஷ்ய இரசாயனவியலாளர் மென்டலீவைப் பற்றி, "1869 இல் மென்டலீவ் மூலகங்களை அணுவெண்ணின் ஏறுவரிசையில் ஒழுங்குபடுத்தினார்" என்ற வசனத்தை, எழுத்துப்பிழைகூட மாறாமல், பதினொரு பிள்ளைகள் எழுதியிருக்கக் கண்டேன். பிள்ளைகளை நோவதில் பயனில்லை. கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் கைமாறித் திரியும் ஒரு போட்டோப் பிரதிக் குறிப்பிலிருந்தே அது வருகிறது. நான்கு ஆண்டுகளாக அதற்குச் சிவப்புக் கோடு போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அணுவெண் என்பது அணுவின் கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கை. 1869 இல் இலத்திரனே கண்டறியப்படவில்லை. அது 1897 இல் வந்தது. கரு என்ற கருத்தை ரதர்போர்ட் முன்வைத்தது 1911 இல். அப்படியிருக்க, மென்டலீவ் எதை எண்ணியிருப்பார்? அவர் கையில் இருந்தவை அன்று அறியப்பட்ட 63 மூலகங்களும், அவற்றின் அணுத்திணிவுகளும், அவை ஒட்சிசனோடும் ஐதரசனோடும் சேரும் விதமுமே. அந்தத் திணிவுகளும்கூட, 1860 இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கூடிய மாநாட்டில் இத்தாலிய இரசாயனவியலாளர் கனிசாரோ, அணுத்திணிவைத் துணியும் தமது முறையை எடுத்துரைத்த பின்னரே நம்பத்தக்க நிலைக்கு வந்தன. மென்டலீவுக்கு முன்னர் மூலகங்களை வகைப்படுத்த முயன்ற டொபரைனரின் மும்மைகளையும் நியூலண்ட்ஸின் எண்ம விதியையும் பிள்ளைகள் ஓரளவு சரியாகவே எழுதுகிறார்கள் என்பதால், அவற்றை இங்கு விட்டுவிடுகிறேன்.

ஐயம் உள்ளவர்கள் தெலூரியத்தையும் அயடீனையும் பாருங்கள். இன்றைய பெறுமானப்படி தெலூரியம் 127.6, அயடீன் 126.9. திணிவை மட்டும் பின்பற்றினால் அயடீன் முன்னே வந்து, குளோரீன், புரோமீன் ஆகியவற்றின் கூட்டத்தை விட்டு விலகிவிடும். மென்டலீவ் இயல்புகளுக்கு முதலிடம் கொடுத்து அயடீனைப் பின்னே வைத்தார். தெலூரியத்தின் திணிவைப் பிழையாக அளந்துவிட்டார்கள் என்றும் நம்பினார். அளவீட்டில் பிழையில்லை, அவருடைய நம்பிக்கைதான் பிழை. ஆனால் அவர் கொடுத்த இடம் சரி. தெலூரியம் 52, அயடீன் 53 என்று அறிந்த ஒருவருக்கு அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டிய தேவையே எழுந்திராது. ஆகனையும் பொற்றாசியத்தையும் இதேபோல் ஒப்பிடும் வேலையை உங்களிடம் விடுகிறேன்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் மோஸ்லி. 1913 இல் மூலகங்களின் எக்ஸ்-கதிர் அதிர்வெண்களை அளந்து, அவ்வெண்களின் வர்க்கமூலம் அட்டவணையிலுள்ள இடத்தின் எண்ணோடு ஒழுங்காக ஏறுவதை அவர் காட்டிய பின்னரே, அணுவெண் வெறும் வரிசை இலக்கம் என்ற நிலையிலிருந்து அளந்தறியக்கூடிய ஒரு கணியமாயிற்று. இரண்டு ஆண்டுகளில், முதலாம் உலகப் போரின்போது துருக்கியின் கலிப்பொலிப் போர்க்களத்தில், 27 வயதில் அவர் கொல்லப்பட்டார். வன்னியில் கற்பிக்கும் எவருக்கும் அந்த வரியை வேகமாகக் கடந்துபோவது எளிதல்ல.

ஆசிரிய நண்பர்களே, ஆண்டையும் பெயரையும் மட்டும் ஒப்புவிக்கச் செய்யாதீர்கள். சுவரில் தொங்கும் அட்டவணையில் 52 க்கும் 53 க்கும் உரிய திணிவுகளைப் பிள்ளைகளைக் கொண்டே வாசிப்பியுங்கள், கேள்வி தானாக எழும். பிள்ளைகளே, யாரோ எழுதிய குறிப்பைப் பாடநூலோடு ஒருமுறை ஒப்பிட்ட பின் மனனம் செய்யுங்கள். அந்த வசனம் உங்கள் கொப்பியில் இருந்தால், "அணுவெண்" என்பதை இன்றே வெட்டி "அணுத்திணிவு" என்று எழுதுங்கள். பென்சிலால் அல்ல, பேனையால்.